மொறிஸ் மைனர் 948 சி.சி. எஞ்சின்: மூன்று கேம்ஷாஃப்ட் புஷ்கள் வந்திருக்கின்றன, புளொக்கில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது

வடமராட்சி மைனர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பா பயன்படுத்திய 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. எஞ்சின் எண் 9எம் என்று தொடங்குகிறது. ஆகவே அது காரோடு வந்த 948 சி.சி. எஞ்சின்தான். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத ஆண்டுகளில், ஏனைய பழைய கார்களைப் போலவே இதுவும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியது. பின்னர் நீண்ட காலம் கொட்டிலில் நின்றது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எஞ்சினை முழுமையாகப் பிரித்துச் செய்தோம். கிராங்கை 20 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) குறைத்துக் கடைந்து, மெயின் பெயரிங், பிக் எண்ட் பெயரிங் இரண்டையும் புதிதாகப் போட்டோம். ஒயில் பம்பும் அழுத்தத் தணிப்பு வால்வின் ஸ்பிரிங்கும் புதியவை. இவ்வளவு செய்தும், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் ஐட்லிங்கில் ஒயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தலுக்கு இறங்கிவிடுகிறது. மானியில் பிழை இருக்கலாம் என்று இன்னொரு மானியை மாட்டிப் பார்த்தபோதும் அதே அளவைத்தான் காட்டியது. கனமான ஒயிலை ஊற்றி ஓட்டும்படி சிலர் சொன்னார்கள். காரணம் தெரியாமல் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எஞ்சினை மீண்டும் இறக்கிவிட்டேன்.

முதல் முறை நாங்கள் தொடாமல் விட்ட ஒரே பகுதி, வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டான கேம்ஷாஃப்ட். அது மெதுவாகச் சுற்றுவது, பாரம் குறைவு, தேய்ந்திருக்காது என்று வேலை செய்தவர் சொன்னதை நானும் ஏற்றுக்கொண்டிருந்தேன். இப்போது டிஸ்ரிபியூட்டர் சுழல்தண்டை 5/16 அங்குலப் போல்ட் ஒன்றை அதன் தலையில் முறுக்கி வெளியே எடுத்து, பக்க மூடிகளின் வழியாக டாப்பெட்டுகளையும் எடுத்த பின் கேம்ஷாஃப்டை உருவிப் பார்த்தேன். அதைத் தாங்கும் வளையமான முன் புஷ்ஷில் உட்பூச்சான வெண்ணிற உலோகம் (ஒயிட் மெட்டல்) தேய்ந்து கீழ்ப்புறத்தில் எஃகு தெரிகிறது. இங்கிலாந்திலிருந்து மூன்று புஷ்கள் கொண்ட செட் ஒன்றைத் தருவித்தேன். ஆனால் புளொக்கில் முன்னால் மட்டுமே புஷ் இருக்கிறது. நடுவிலும் பின்னாலும் கேம்ஷாஃப்ட் நேரடியாக வார்ப்பிரும்பிலேயே சுற்றியிருக்கிறது.

நான் எடுத்த அளவுகள் இவை. முன் ஜர்னல் (தண்டில் பெயரிங்குக்குள் சுற்றும் பகுதி) 1.6656 அங்குலம், புஷ்ஷின் உள்விட்டம் 1.6705. நடு ஜர்னல் 1.6230, துளை 1.6256. பின் ஜர்னல் 1.3729, துளை மேல்கீழாக 1.3790, குறுக்காக 1.3772.

எனக்குத் தெரிய வேண்டியவை: இந்த செட் தவறானதா? புளொக்கைக் குடைந்து மூன்று புஷ்களையும் போடலாமா? முன் புஷ்ஷை அடித்து இறக்கினால் போதுமா, உள்ளே ரீமர் (துளையை அளவுக்குச் சீவும் கருவி) பிடிக்க வேண்டுமா?

கோவை லைன்போரிங் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். அளவுகளை இரு திசைகளிலும் எடுத்து எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. இன்ஜின் ரீகண்டிஷனிங் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேம் பேரிங்கை அளக்காமல் மூடப்பட்ட இன்ஜின்கள்தான் திரும்பி வந்தவற்றில் மிகுதி.

முதலில் செட்டைப் பற்றி. உங்கள் இன்ஜின் சேர்ந்த ஏ வரிசையின் 948 சி.சி. பிளாக்கில் முன் இருக்கையில் மட்டுமே எஃகு ஓட்டினுள் ஒயிட் மெட்டல் பூசிய புஷ் உண்டு; நடுவும் பின்னும் பிளாக்கின் இரும்பிலேயே ஓடும்படி அமைந்தவை. மூன்று இடங்களுக்கும் புஷ் என்பது அதே வரிசையில் பின்னால் வந்த பெரிய பிளாக்குகளுக்குரிய ஏற்பாடு. ஜர்னல் விட்டங்கள் மாறாததால் செட் கேம்ஷாஃப்டோடு பொருந்தும், உங்கள் பிளாக்கோடு பொருந்தாது. ஆகவே வந்தது வீணல்ல. முன் புஷ் அப்படியே பயன்படும், மற்ற இரண்டும் பிளாக்கைக் குடைந்தால் மட்டுமே உட்காரும்.

குடைய வேண்டுமா என்பதை உங்கள் அளவுகளே சொல்கின்றன. முன் புஷ்ஷில் இருக்க வேண்டிய இடைவெளி 0.001 முதல் 0.002 அங்குலம், உங்களுடையது 0.0049. நடுவிலும் பின்னாலும் இரும்பில் ஓடும் ஜர்னல்களுக்கு 0.00125 முதல் 0.00275 வரை அனுமதி உண்டு. நடுவில் உங்களுக்கு 0.0026 வருகிறது, எல்லையை ஒட்டி நின்றாலும் எல்லைக்குள்தான் இருக்கிறது. பின்னால் மேல்கீழாக 0.0061, குறுக்காக 0.0043. இது மோசம். வால்வு ஸ்பிரிங்குகள் ராக்கர், புஷ் ராட், டாப்பெட் வழியாகக் கேமைக் கீழ்நோக்கியே அழுத்திக்கொண்டிருப்பதால் துளை கீழே இழுபட்டு நீள்வட்டமாகியிருக்கிறது. மேல்கீழ் அளவு கூடுதலாக வருவதற்குக் காரணம் அதுதான்.

மண்ணெண்ணெய் இதற்கு எவ்வளவு காரணம் என்று கேட்டால், பெரும் பங்கு என்பேன். பெட்ரோலைப் போல அது சிலிண்டரில் முழுதாக ஆவியாவதில்லை. மீந்தது சுவரோரமாக வழிந்து, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் சேர்ந்து ஆயிலை நீர்க்கச் செய்யும், நீர்த்த ஆயில் படலம் பாரத்தைத் தாங்காது. உங்கள் தந்தையார் அந்த ஆண்டுகளில் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியதன் விலை அந்தப் பின் துளையில் இருக்கிறது.

அடுத்தது, பாரம் குறைவு என்ற பேச்சு. இந்த இன்ஜினில் கேம் பேரிங் தாங்குவதற்கு மட்டும் உள்ளதல்ல, ஆயில் ஓடும் பாதையிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. கிராங்கின் மூன்று மெயின் பேரிங்குகளிலிருந்தும் தனித்தனித் துளை வழியே அந்தந்தக் கேம் பேரிங்குக்கு ஆயில் ஏறுகிறது. கேம் ஜர்னலைச் சுற்றி இடைவெளி அகலமாக இருந்தால், மெயினை எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்து போட்டிருந்தாலும் ஆயில் அந்த வழியே சம்ப்பில் விழுந்துவிடும். ஒடுங்கிய இடைவெளியில் கசிவு அதன் கன மடங்காக வளரும் என்பதை நினைவில் வையுங்கள். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு, மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. 0.002க்குப் பதில் 0.006 என்பது இரண்டாவது வகைக்கு அருகில் நிற்கிறது. கனமான ஆயில் ஊற்றினால் மானியில் முள் சற்று ஏறும். துளை அப்படியேதான் இருக்கும். அதைச் செய்யாமல் விட்டது சரி.

என் முடிவு இதுதான்: முன் புஷ்ஷை மாற்றுங்கள், பின் துளையைக் குடைந்து புஷ் போடுங்கள், நடுத் துளையைத் தொடாதீர்கள். மூன்று புஷ் கையில் இருக்கிறது என்பதற்காக நல்ல இரும்பைக் குடைவது தேவையற்றது. அறுபது ஆண்டு கடந்த பிளாக்கில் எடுத்த உலோகத்தை யாரும் திருப்பி வைக்க முடியாது.

பின் துளையைக் குடைவதில் ஓர் ஆபத்து உண்டு. கருவியைத் தேய்ந்த துளைக்கே மையப்படுத்தினால், கீழே இழுபட்ட மையத்தையே அது பின்பற்றும். அப்போது கேமின் பின்முனை கீழே இறங்கிவிடும். ஆயில் பம்ப் அந்தப் பின்முனையிலிருந்தே ஓட்டம் பெறுவதால், இரண்டின் மையமும் விலகி இணைப்பு உராயத் தொடங்கும். ஆகவே பழைய முன் புஷ்ஷைக் கழற்றிய பிறகு வெறும் முன் இருக்கையிலும் நடுத் துளையிலும் வழிகாட்டி வளையங்களைப் போட்டு, அவற்றில் தாங்கிய போரிங் பார் கொண்டு பின் துளையைக் குடையச் சொல்லுங்கள். லைன் போரிங் பார் இல்லாத பட்டறைக்குக் கொடுக்க வேண்டாம். செட்டில் உள்ள பின் புஷ்ஷையும், அதற்குரிய இருக்கை அளவு அச்சிட்ட தாளையும் பட்டறைக்காரர் கையில் கொடுத்த பிறகே அவர் பிளாக்கில் கை வைக்க வேண்டும். மெல்லிய புஷ் தனியாக இருக்கும்போது சரியான வட்டமாக இராது. அதன் வெளிவிட்டத்தை ஓரிடத்தில் மட்டும் அளந்து இருக்கை குடைந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இனி முன் புஷ். இதைச் சுத்தியலால் நேரடியாக அடித்து இறக்கக் கூடாது. லேத்தில் ஒரு படிக்கட்டு மாண்ட்ரல் கடைந்துகொள்ளுங்கள்: புஷ்ஷினுள் நுழையும் பகுதி உள்விட்டத்தைவிட இரண்டு தௌ குறைவாகவும், அதன் பின்னால் புஷ்ஷின் விளிம்பைத் தள்ளும் தோள் ஒன்றும் இருக்க வேண்டும். அதை ஒரு நீள மரைதண்டில் கோத்து, மறுமுனையில் தட்டும் நட்டும் வைத்து மெல்ல இழுத்தால் புஷ் சாயாமல் உள்ளே போகும். அதற்கு முன் இருக்கையின் கூர்விளிம்பை ஸ்கிரேப்பரால் லேசாக மழுக்குங்கள். அந்த விளிம்பு புஷ்ஷின் வெளிப்புறத்தைச் சீவினால் பிடிப்பு போய்விடும். பழைய புஷ்ஷை எடுக்கும்போது உளி சறுக்கி இருக்கையில் கோடு விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீமர் பற்றிய கேள்விக்கு: பழைய தொழிற்சாலைக் கையேடு, புஷ்ஷை இருக்கையில் ஏற்றிய பிறகே உள்விட்டத்தை அளவுக்குக் கொண்டுவரச் சொல்கிறது, முன் புஷ்ஷுக்கு அந்த அளவு 1.667 முதல் 1.6675 அங்குலம், பின் புஷ்ஷுக்கு 1.3745 முதல் 1.3750. இக்காலச் செட்டுகள் சில முன்னதாகவே அளவாக்கப்பட்டு வருகின்றன. எது வந்திருந்தாலும், ஏற்றிய பின் அளக்காமல் நம்ப வேண்டாம், ஏனெனில் இருக்கையின் இறுக்கம் புஷ்ஷை உள்நோக்கிச் சுருக்கும். உள்ளே உலோகம் எடுக்க வேண்டியிருந்தால், வழிகாட்டி இல்லாத கை ரீமரைத் தனியாக நுழைக்க வேண்டாம். அது சாய்ந்து போய் நடுத் துளையோடு நேர்கோட்டில் நிற்காது.

நீர்கொழும்பு 1000 எழுதியது:

மேலே ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஏ வரிசை எஞ்சினில் ராக்கர்களுக்குப் போகும் ஒயில் முன் கேம் பெயரிங்கைக் கடந்துதான் மேலே ஏறுகிறது. முன் மெயினிலிருந்து வரும் துளை புஷ்ஷுக்குள் திறக்கிறது. அங்கிருந்து இன்னொரு துளை புளொக்கின் மேற்பரப்புக்குச் சென்று, ஹெட்டின் ஊடாக முன் ராக்கர் தாங்கியை அடைகிறது. எனது காரில் முன் புஷ்ஷை ஏற்றியவர் அதைச் சிறிதளவு திருகி ஏற்றிவிட்டார். புஷ்ஷின் துளையும் புளொக்கின் துளையும் பிறைநிலவு அளவுக்கே சந்தித்தன. மானியில் அழுத்தம் நன்றாகவே இருந்தது. உண்மையில் வழி அடைபட்டதால் முன்னைவிடக் கூடுதலாகவே காட்டியது. சில நூறு மைல்களுக்குள் ராக்கர் தண்டு வறண்டு, கீழ்ப்புறம் முழுவதும் வரிவரியாகத் தேய்ந்துவிட்டது.

ஆகவே தம்பி, புஷ்ஷை இழுப்பதற்கு முன் அதன் துளை இருக்கும் இடத்தை மாண்ட்ரலின் முகப்பில் கோடாகக் கீறி, அதற்கு நேராகப் புளொக்கின் முகப்பிலும் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். மரைதண்டை இறுக்கும்போது மாண்ட்ரல் சுற்றாமல் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். ஏற்றிய பின் துளைக்கு ஏற்ற ட்ரில் பிட்டின் வழவழப்பான பின்முனையை ஒவ்வொரு துளையிலும் செருகிப் பாருங்கள். அது தடையின்றிப் போக வேண்டும். போகாவிட்டால் அங்கேயே துளைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். அந்தப் புஷ்ஷை எடுத்து எறிந்துவிட்டு வேறொன்று வாங்குங்கள். ஒரு முறை ஏற்றி எடுத்த புஷ் மறுமுறை இறுகப் பிடிக்காது.

கேம்ஷாஃப்டைப் போட்ட பின் இன்னொரு சோதனையும் செய்யலாம். புளொக்கின் மேற்பரப்பில் ராக்கருக்குச் செல்லும் துளையில் ஒயில் கேனால் ஒயிலை அழுத்தி ஏற்றி, கேமைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஒரு நிலையில் வழி திறக்கவில்லை என்றால் அஞ்ச வேண்டாம். ஒரு முழுச் சுற்றுச் சுற்றிய பிறகே முடிவுக்கு வாருங்கள்.

வடமராட்சி மைனர் எழுதியது:

இருவருக்கும் மிகுந்த நன்றி. திருகிய புஷ்ஷில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மானியை மட்டும் பார்த்திருந்தால் நான் மகிழ்ந்து மூடியிருப்பேன்.

கொழும்பில் லைன் போரிங் பார் வைத்திருக்கும் பட்டறை ஒன்றில் பின் துளையைக் குடைந்து வாங்கிவந்தேன். ஐயா சொன்னபடி முன் இருக்கையிலும் நடுத் துளையிலும் பாரைத் தாங்கியே செய்தார்கள். பின் புஷ்ஷை முதலில் இழுத்து ஏற்றினேன், உள்விட்டம் 1.3747 வருகிறது. முன் புஷ் ஏறிய பின் 1.6664 மட்டுமே வருகிறது. கேமை நுழைத்தால் முன் ஜர்னல் புஷ்ஷுக்குள் போகிறது, ஆனால் விரலால் சுற்ற முடியவில்லை. பளபளப்பான தடம் புஷ்ஷின் ஒரு பக்கத்தில் மட்டும் தெரிகிறது. துளைகள் எல்லாம் சரியாகச் சந்திக்கின்றன. இந்த முக்கால் தௌவை எப்படி எடுப்பது?

கோவை லைன்போரிங் எழுதியது:

ஜர்னல் 1.6656 என்பதால் இப்போது உங்களுக்கு இருப்பது 0.0008 அங்குல இடைவெளி. கணக்குப்படி கேம் சுற்ற வேண்டும். ஒரு பக்கத் தடம் இருப்பதால், புஷ்ஷில் ஓர் உயர்ந்த இடம் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் விளிம்பை அழுத்திய இடத்தில் உலோகம் பிதுங்கியிருக்கும். அதை நீக்கினாலே கேம் சுற்றும், ஆனால் கீழ் எல்லையான 0.001ஐயாவது எட்ட வேண்டும்.

இதற்கு எங்கள் பட்டறையில் செய்தது இது. கழித்துப்போட்ட பழைய கேம்ஷாஃப்ட் ஒன்றை எடுத்து, அதன் முன் ஜர்னலில் சாய்வாக ஒரு காடி வெட்டி, காடியின் ஒரு விளிம்பைக் கூர்மையாக விட்டுவிடுவோம். நடுவும் பின்னும் அந்தக் கேமைத் தாங்கி நேராக வைத்திருக்க, காடியின் விளிம்பு ஒயிட் மெட்டலைச் சீவி எடுக்கும். மூன்று பேரிங்கும் ஒரே கோட்டில் அமைவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கூர்விளிம்பு வெட்டும் திசையில் மட்டும் மெல்லச் சுற்றி, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்து அளந்து பாருங்கள். கடைசி அரைத் தௌவுக்கு நீல மை தடவி, உங்கள் உண்மையான கேமை நுழைத்துச் சுற்றி, மை படும் இடத்தை மட்டும் ஸ்கிரேப்பரால் தொட்டு எடுங்கள். உப்புத்தாள் பயன்படுத்தவே கூடாது; அதன் துகள் ஒயிட் மெட்டலில் பதிந்து, பிறகு ஜர்னலையே அரைக்கும்.

சீவல்கள் ஆயில் துளைகளுக்குள் விழுந்திருக்கும். பிளாக்கின் ஆயில் வழி அடைப்பான்களைக் கழற்றி, நீளத் தூரிகையும் மண்ணெண்ணெயும் கொண்டு கழுவி, அழுத்தக் காற்றால் ஒவ்வொரு துளையையும் இரு முனைகளிலிருந்தும் ஊதுங்கள். மெயின் பேரிங் ஓடுகள் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

கேமைக் கடைசியாகப் போடும்போது, முன்னால் வரும் தாங்கு தட்டின் ஒயிட் மெட்டல் பூசிய பக்கம் ஜர்னலை நோக்கி இருக்க வேண்டும். சங்கிலிச் சக்கரத்தை இறுக்கிய பின் கேமின் முன்பின் ஆட்டம் 0.003 முதல் 0.007 அங்குலத்துக்குள் வர வேண்டும். கூடுதலானால் தட்டை மாற்றுங்கள். கேமின் முகடுகளிலும் டாப்பெட் அடிகளிலும் அசெம்பிளி பேஸ்ட் தடவுங்கள். ஜர்னல்களுக்கு ஆயில் போதும். பழைய டாப்பெட்டுகளைப் பழைய கேமோடு பயன்படுத்துவதானால் ஒவ்வொன்றும் அதே இடத்துக்கே திரும்ப வேண்டும். இடம் மாறினால் இரண்டும் கெடும்.

முதல் ஓட்டத்துக்கு முன் ஆயில் அழுத்தம் ஏற்றுவதிலும் கவனம் வேண்டும். வேறு பல இன்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியே ட்ரில்லால் பம்பைச் சுழற்றலாம். இதில் பம்ப் கேமின் பின்முனையில் இருப்பதால் அது நடக்காது. பம்பை ஆயிலால் நிரப்பியே பொருத்துங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மானியில் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். ராக்கர் மூடியைத் திறந்தே வைத்திருந்து, நீர்கொழும்பு நண்பர் சொன்ன ஆயில் மேலே வருவதையும் கண்ணால் பாருங்கள்.

வடமராட்சி மைனர் எழுதியது:

வேலை முடிந்துவிட்டது, எழுதுவதற்குத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். மானிப்பாயில் ஒரு கராச்சில் முறிந்த 948 கேம்ஷாஃப்ட் ஒன்றைத் தேடிப் பிடித்து, முறிவு ஜர்னலில் இல்லாததால் அதை ஒட்டவைத்துக் கருவியாக்கலாமா என்று முதலில் யோசித்தேன். நேர் நிற்காது என்பதால் விட்டுவிட்டு, முகடு தேய்ந்த முழுக் கேம் ஒன்று கிடைக்கும்வரை மூன்று கிழமைகள் காத்திருந்தேன். காடி வெட்டிச் சீவி, நீல மை வைத்து முடித்தபோது முன் புஷ் 1.6671 வந்தது, அதாவது இடைவெளி 0.0015. கேம் இப்போது சங்கிலிச் சக்கரத்தை ஒரு விரலால் தொட்டாலே சுற்றுகிறது. முன்பின் ஆட்டம் 0.005.

பிளக்குகள் இல்லாமல் ஸ்டார்ட்டரால் சுற்றியபோது, ஏறத்தாழ அரை நிமிடத்தில் மானி எழுந்தது. அதன் பின் சற்று நேரத்தில் முன் ராக்கர் தாங்கியிலிருந்து தொடங்கி நான்காவது வரை ஒவ்வொன்றாக ஒயில் கசிந்து வருவதை அம்மாவும் அருகில் நின்று பார்த்தார். நேற்று பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஓட்டிச் சென்று திரும்பினேன். முழுச் சூட்டில் ஓட்டத்தில் 55 இறாத்தல், ஐட்லிங்கில் 18 இறாத்தல். ஒயில் அதே 20டபிள்யூ-50 தான், மாற்றவில்லை. 500 மைலில் ஒயிலை இறக்கும்போது சம்ப்பின் அடியில் வெண்ணிறத் துகள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுகிறேன். மீந்த நடுப் புஷ் என்னிடம் இருக்கிறது; நடு இருக்கை குடைந்த புளொக் வைத்திருப்பவர் எவருக்கேனும் தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன்.